யாருக்கு மறுப்பது: பொது இணையத்தில் ஒரு தொலைபேசி ப்ராக்ஸி

சென்னைப் புறநகரான தாம்பரத்தில் முடிச்சூர் சாலையில் அலுவலகம், பெருங்களத்தூரில் கிடங்கு, குரோம்பேட்டையில் கடை, கூடுவாஞ்சேரியிலும் சேலையூரிலும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஆறேழு பேர். இப்படி ஒரு மருந்து விநியோக நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு வேண்டியது எளிமையானது. 101ஐ அழுத்தினால் கிடங்கு எடுக்க வேண்டும். 205ஐ அழுத்தினால் சேலையூரில் கணக்குப் பார்ப்பவர் எடுக்க வேண்டும், அவர் வீட்டில் இருந்தாலும் சரி, மின்சார ரயிலில் இருந்தாலும் சரி. மாதச் செலவு ஒரு சர்வர் வாடகையைத் தாண்டக் கூடாது.

ஒரே கட்டடத்துக்குள் இதைச் செய்வது சுலபம். அங்கே சர்வரைப் பார்ப்பவர்கள் நம் ஆட்கள் மட்டும். பொது இணையத்தில் வைத்த நிமிடத்திலிருந்து அதை ஊர் உலகமே பார்க்கிறது. அழைப்பு போய்ச் சேரும்படி செய்வது அரை நாள் வேலை. மிச்சமுள்ள வேலையெல்லாம் மறுப்பதுதான். எந்த அழைப்பை எடுத்துச் செல்ல மாட்டோம், யாருக்குப் பதிலே சொல்ல மாட்டோம், எந்த எண்ணை நம் சர்வர் தொடவே கூடாது என்று முடிவு செய்யாமல் சர்வரை வாடகைக்கு எடுக்காதீர்கள்.

ப்ராக்ஸி என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை

இணையத் தொலைபேசியில் இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. யார் யாரைக் கூப்பிடுகிறார், மணி அடிக்கிறதா, எடுத்தாயிற்றா, வைத்தாயிற்றா என்ற பேச்சு எஸ்ஐபி என்ற நெறிமுறையில் நடக்கிறது. அதன் இன்றைய வடிவம் 2002இல் வெளியான ஆர்எஃப்சி 3261. நம் குரல் அதில் போவதில்லை. அது ஆர்டிபி என்ற இன்னொரு பாதையில், வேறு போர்ட்களில், 20 மில்லி வினாடித் துண்டுகளாகப் போகிறது. ப்ராக்ஸி முதல் வேலையை மட்டும் பார்க்கும் கல்யாணத் தரகர். இரண்டு வீட்டையும் அறிமுகப்படுத்தி வைப்பார். அதன் பிறகு அவர்கள் பேசுவது அவர் காதில் விழாது.

இந்தப் பிரிவினையைப் புரிந்துகொண்டால் பாதிக் கோளாறுகளை உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். மணி அடிக்கிறது, எடுத்தால் சத்தமே இல்லை என்றால் ப்ராக்ஸியைக் குடைவதில் பயனில்லை. குரல் போகும் பாதையைப் பாருங்கள். மணியே அடிக்கவில்லை என்றால் அது ப்ராக்ஸியின் கணக்கு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ப்ராக்ஸி குரலஞ்சல் வைக்காது. 'தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்' என்று சொல்லாது. அழைப்பைப் பதிவு செய்யாது. அதெல்லாம் ஆஸ்டரிஸ்க், ஃப்ரீஸ்விட்ச் போன்ற பிபிஎக்ஸ் மென்பொருள்களின் வேலை. எல்லோரும் ஒரே அலுவலகத்தில் இருக்கும், பத்துப் பதினைந்து எக்ஸ்டென்ஷன் போதும் என்கிற நிறுவனத்துக்கு ப்ராக்ஸியே தேவையில்லை. ஓர் ஆஸ்டரிஸ்கை நிறுவிவிட்டு இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போகலாம். ஆட்கள் பல வலைகளில் சிதறியிருக்கும்போதும், பின்னால் இருக்கும் பிபிஎக்ஸை வெளியாட்களின் கண்ணில் படாமல் வைக்க வேண்டியிருக்கும்போதும்தான் ப்ராக்ஸி தன் வாடகைக்கு உழைக்கும்.

சட்டம் முதலில்

தொழில்நுட்ப நூல்கள் இதைக் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் போடும். இந்தியாவில் அது முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய சமாச்சாரம்.

நம் நாட்டில் இணையத் தொலைபேசி 2002 ஏப்ரல் 1 முதல் அனுமதிக்கப்பட்டது. அனுமதி அரைகுறையானது. கணினியிலிருந்து கணினிக்குப் பேசலாம், கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்கும் பேசலாம். ஆனால் இணையத்தில் தொடங்கிய அழைப்பை இந்தியாவுக்குள் இருக்கும் சாதாரணத் தொலைபேசி எண்ணில் கொண்டுபோய் முடிக்கக் கூடாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017இல் பரிந்துரைத்து, தொலைத்தொடர்புத் துறை 2018இல் அந்தக் கதவைத் திறந்தது. பிஎஸ்என்எல்லின் 'விங்ஸ்' சேவை அந்த ஆண்டில் வந்ததுதான். கதவு திறந்தது உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனங்களுக்கு. சொந்தமாக சர்வர் வைத்திருக்கும் நமக்கு அல்ல.

ஆகவே நம் மருந்து நிறுவனம் கோட்டை இப்படிப் போட்டுக்கொள்ள வேண்டும். 101இலிருந்து 205க்குப் போகும் அழைப்பு இணையத்தில் தொடங்கி இணையத்திலேயே முடிகிறது. அது நம் வீட்டு விஷயம். வாடிக்கையாளர் கூப்பிட 044இல் தொடங்கும் எண் வேண்டுமானால், உரிமம் பெற்ற நிறுவனத்திடம் முறைப்படி எஸ்ஐபி டிரங்க், அதாவது நம் சர்வரை வெளித் தொலைபேசி எண்களோடு சேர்க்கும் இணைப்பு, வாங்க வேண்டும். சிம் அட்டைகளைச் செருகி இணைய அழைப்பை மொபைல் அழைப்பாக மாற்றும் பெட்டிகள் சந்தையில் கிடைக்கின்றன. விலை மலிவு, வேலையும் செய்யும். அவற்றை ப்ராக்ஸியோடு இணைக்காதீர்கள்.

என்றாவது ஒருநாள் யாராவது தொடர்புகொண்டு, 'எங்கள் வெளிநாட்டு அழைப்புகளை உங்கள் சர்வர் வழியாக உள்ளூர் எண்களில் இறக்கிக் கொடுங்கள், நிமிடத்துக்கு இவ்வளவு தருகிறோம்' என்பார்கள். செய்தித்தாள்களில் 'சட்டவிரோதத் தொலைபேசி இணைப்பகம்' என்ற தலைப்பில் வரும் கைதுகள் பலவற்றின் தொடக்கம் இந்த மாதிரிப் பேச்சுதான். 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவு 2024 ஜூன் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அனுமதியின்றித் தொலைத்தொடர்புச் சேவை நடத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கொஞ்சம் குழப்பமான இடம் ஒன்று உண்டு. தாம்பரத்து 044 லைனில் வந்த அழைப்பை இணையவழியே கோயம்புத்தூர்க் கிளைக்கு அனுப்பி, அங்கே உள்ளூர் லைனில் வெளியே விட்டால் எஸ்டிடி கட்டணம் மிச்சம் என்று யாருக்காவது தோன்றும். டோல் பைபாஸ் என்று பெயர் வைத்து விதிகள் தடுப்பது இதைத்தான். அழைப்பு மைய நிறுவனங்களுக்கான ஓஎஸ்பி விதிகள் 2020 நவம்பரிலும் 2021 ஜூனிலும் தளர்த்தப்பட்டன என்பதை வைத்து எல்லோருக்கும் எல்லாம் தளர்ந்துவிட்டதாக எண்ண வேண்டாம். டிரங்க் தரும் நிறுவனத்திடம் உங்கள் இணைப்புப் படத்தைக் காட்டி, இது செல்லும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சர்வர் எங்கே உட்கார வேண்டும்

'அலுவலகத்தில் ஒரு பழைய கணினி சும்மா கிடக்கிறது, அதிலேயே போட்டுவிடலாமே' என்று முதலாளி சொல்வார். சொல்லத்தான் செய்வார். மறுப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, உங்கள் பிராட்பேண்டுக்குப் பொது முகவரி இருக்கிறதா என்பதே சந்தேகம். ரவுட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்து, வான் ஐபி என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் தொடங்கினால் நீங்கள் சிஜிநேட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஐபிவி4 முகவரிகள் தீர்ந்துபோனதால், ஒரே பொது முகவரியை நூற்றுக்கணக்கான வீடுகள் பங்குபோட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது. இந்த வரிசையை 2012இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். 10 என்றோ 192.168 என்றோ தொடங்கினாலும் கதை அதேதான். புறநகரில் கேபிள் டிவி ஆபரேட்டர் வழியாக வரும் இணைப்புகளில் இது சகஜம். அப்படிப்பட்ட இணைப்பிலிருந்து நீங்கள் வெளியே போகலாம், வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. தனிக் கட்டணம் கட்டி நிலையான ஐபி வாங்கலாம். அதோடு முதல் காரணம் தீர்ந்துவிடும், இரண்டாவது தீராது.

இரண்டாவது காரணம் அடையாறு. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி மூழ்கின என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் வந்தபோது மரங்கள் விழுந்து மின்கம்பிகளும் கேபிள்களும் சேர்ந்து அறுந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மறுபடியும் முடிச்சூர், வரதராஜபுரம், வேளச்சேரி, பள்ளிக்கரணை என்று அதே பெயர்கள். தரைத்தளத்தில் இருக்கும் சர்வர் அந்த வாரம் வேலை செய்யாது. மருந்து விநியோகிப்பவரை ஊர் அதிகமாகத் தேடும் வாரமும் அதுதான். சர்வர் வெளியே இருந்தால், அலுவலகம் மூழ்கினாலும் சேலையூர்க்காரர் தன் மொபைலில் அலுவலகத்துக்கு வரும் அழைப்பை எடுத்துக்கொள்வார்.

எனவே வாடகை கிளவுட். எந்த ஊரில் என்பதுதான் கேள்வி. மைக்ரோசாஃப்டின் தென்னிந்திய மையம் 2015 முதல் சென்னையில் இருக்கிறது. அகமாய்க்கும் சென்னையில் உண்டு. டிஜிட்டல் ஓஷன் பெங்களூரில், அமேசான் மும்பையிலும் ஹைதராபாத்திலும். குரல் ஒரு வாயிலிருந்து மறு காதுக்குச் சேர 150 மில்லி வினாடிக்கு மேல் ஆகக் கூடாது என்பது ஐடியு வகுத்த ஜி.114 பரிந்துரை. சென்னையிலிருந்து மும்பைக்குப் போய்த் திரும்ப நல்ல பாதையில் முப்பது மில்லி வினாடியை ஒட்டித்தான் ஆகும், அது பொருட்டல்ல. நூறு ரூபாய் குறைகிறதே என்று அமெரிக்காவில் சர்வர் எடுத்தால் போய்த் திரும்பவே 200ஐத் தாண்டிவிடும். பெருங்களத்தூரும் குரோம்பேட்டையும் பேசும் குரல் பசிபிக்கைச் சுற்றி வர வேண்டிய அவசியம் இல்லை.

சர்வரின் அளவைப் பற்றி விற்பனையாளர் சொல்வதைக் கேட்காதீர்கள். நூறு தொலைபேசிகளுக்கு ஒரு சிபியு, 1 ஜிபி நினைவகம் தாராளம். பார்க்க வேண்டியது வெளியேறும் தரவின் அளவை. ஜி.711 என்ற சாதாரணக் குரல் வடிவத்தில் ஒரு திசைக்கு ஏறத்தாழ 80 கேபிபிஎஸ். குரல் சர்வர் வழியாகத் திரும்பிப் போனால் இரு பக்கமும் சேர்த்து ஒரு மணி நேரப் பேச்சுக்கு 70 முதல் 80 எம்பி வெளியேறும். மாதக் கணக்கில் இதைப் பெருக்கிப் பார்த்துவிட்டுத் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கமைலியோவை நிறுவுதல்

ப்ராக்ஸி மென்பொருளாக நான் பரிந்துரைப்பது கமைலியோ. பெர்லினில் ஃப்ரான்ஹோஃபர் ஃபோகஸ் ஆய்வகத்தில் 2001இல் தொடங்கிய எஸ்இஆர் என்ற மென்பொருளின் வாரிசு. 2005இல் ஓப்பன்செர் ஆகப் பிரிந்து, 2008இல் இந்தப் பெயர் பெற்றது. அதே ஆண்டில் பிரிந்த ஓப்பன்சிப்ஸும் குறைந்ததல்ல. உங்கள் நண்பர் எதை அறிந்தவரோ அதை எடுங்கள். நள்ளிரவில் கேட்க ஆள் இருப்பது இரண்டின் வித்தியாசத்தைவிட முக்கியம்.

டெபியன் சர்வரில் கமைலியோ, அதன் மைஸ்க்யூஎல் தொகுப்பு, அதன் டிஎல்எஸ் தொகுப்பு என்று மூன்றையும் நிறுவுங்கள். கூடவே வரும் மாதிரி அமைப்புக் கோப்பு நன்றாக எழுதப்பட்டது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இணையத்தில் கிடைத்த யாருடைய கோப்பையோ ஒட்டாதீர்கள். முதல் வரிக்கு அடியில் டிஃபைன் வரிகளைச் சேர்த்தால் வசதிகள் ஒவ்வொன்றாக விழித்துக்கொள்ளும்: மைஸ்க்யூஎல், அடையாளச் சோதனை, இருப்பிடப் பதிவு, நேட், ஆன்டிஃப்ளட், டிஎல்எஸ், கணக்குப் பதிவு. ஒரு பொறி உண்டு. இந்தக் கோப்பில் கட்டம்போட்ட குறியில் தொடங்கும் வரி விளக்கக் குறிப்பு. அதே குறியை அடுத்து ஆச்சரியக்குறி வந்தால் அது கட்டளை. குறிப்பு என்று நினைத்து அதை அழித்துவிட்டு மணிக்கணக்கில் தேடியவர்கள் உண்டு.

அடுத்து, தரவுத்தளத்தை உருவாக்கும் முன் கட்டுப்பாட்டுக் கோப்பில் இருக்கும் இயல்புக் கடவுச்சொற்களை மாற்றுங்கள். அவை கையேட்டிலேயே அச்சாகியிருப்பவை. பிறகு பயனர்களைச் சேர்க்கலாம்.

வாடகை சர்வர்களில் இன்னொரு நுணுக்கம். பல கிளவுட்களில் சர்வர் தனக்குத் தெரிந்த முகவரியாக 10இல் தொடங்கும் தனி முகவரியைத்தான் வைத்திருக்கும். பொது முகவரி வெளியே ஒட்டப்பட்டிருக்கும். கமைலியோ தன் கடிதங்களில், அதாவது எஸ்ஐபி செய்திகளில், அந்தத் தனி முகவரியை எழுதி அனுப்பினால், பதில் எழுதுகிறவர் அதை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பார்? லிசன் வரியில் தனி முகவரியைக் கொடுத்து, அட்வர்டைஸ் என்று சொல்லிப் பொது முகவரியைச் சேருங்கள்.

இதைச் செய்யாததன் அறிகுறி வேடிக்கையானது. மணி அடிக்கும், எடுப்பார்கள், பேசுவார்கள், சரியாக 32ஆவது வினாடியில் அறுந்துவிடும். எடுத்தவரின் தொலைபேசி 'எடுத்துவிட்டேன்' என்று சொல்லிவிட்டு ஏக் என்ற ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது. அரை வினாடியின் 64 மடங்கு நேரம் அது பொறுக்க வேண்டும் என்பது நெறிமுறை. ஒப்புதல் தவறான முகவரிக்குப் போய்த் தொலைந்ததால், பொறுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறது. 32 வினாடி என்று யாராவது சொன்னால் பதிவேட்டைத் திறக்காமலேயே 'ஏக் வரவில்லை, முகவரியைப் பார்' என்று சொல்லலாம்.

குரலின் பாதை

நம் ஆட்கள் எல்லோரும் ஏதோ ஒரு ரவுட்டருக்குப் பின்னால், சிலர் இரண்டு அடுக்கு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கிறார்கள். இருவரும் சிஜிநேட்டில் இருந்தால் குரல் நேராகப் போக வழி கிடைப்பது அரிது. ஸ்டன், ஐஸ் என்று உபாயங்கள் இருக்கின்றன. பெரிய சேவைகளுக்கு அவை பணத்தை மிச்சப்படுத்தும். இருபது பேர் நிறுவனத்துக்கு என் யோசனை, எல்லாக் குரலையும் சர்வர் வழியாகவே திருப்பிவிடுவது. ஆர்டிபிஎஞ்சின் என்ற துணை மென்பொருள் இதைச் செய்யும். அதிலும் தனி முகவரி, பொது முகவரி இரண்டையும் சொல்ல மறக்க வேண்டாம். மறந்தால் மணி அடிக்கும், எடுத்தால் இரு பக்கமும் குரல் கேட்காது.

ஆர்டிபிஎஞ்சினுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. மொபைல் வலைகள் சில முழுக்க ஐபிவி6க்கு மாறிவிட்டன. கிடங்கின் மேசைத் தொலைபேசி ஐபிவி4. இரண்டுக்கும் நடுவில் நின்று அது மொழிபெயர்க்கும். தொடக்கத்தில் சர்வரை ஐபிவி4இல் மட்டும் ஓட்டி, எல்லாம் நிலைத்த பிறகு ஐபிவி6ஐச் சேர்ப்பது தலைவலியைக் குறைக்கும்.

ரவுட்டர்களில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று ஒரு வசதி இருக்கும். உதவி செய்வதாக எண்ணிக்கொண்டு எஸ்ஐபி கடிதங்களைப் பிரித்து முகவரிகளைத் திருத்திவிடும். பாதி திருத்தும், மீதி நம் தலையில். அலுவலக ரவுட்டரில் அதை அணைத்துவிடலாம். சேலையூர் வீட்டு ரவுட்டரின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறதோ! இதற்கு நல்ல மருந்து டிஎல்எஸ். கடிதம் உறையிட்டு ஒட்டப்பட்டுப் போவதால் ரவுட்டர் அதைப் படிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் இலவசம். அது குறுகிய காலச் சான்றிதழ், தானாகப் புதுப்பிக்கும்படி அமைத்துவிடலாம். ஆனால் புதிய சான்றிதழைப் படி என்று கமைலியோவிடமும் சொல்ல வேண்டும். அந்தக் கட்டளையைப் புதுப்பிக்கும் நிரலோடு சேர்த்துக் கட்டுங்கள். இல்லையேல் ஒரு நாள் காலையில் எல்லாத் தொலைபேசிகளும் ஒன்றாகச் செத்துக் கிடக்கும், சான்றிதழ் மட்டும் வட்டில் புத்தம் புதிதாக இருக்கும்.

யூடிபியில்தான் ஓட்டுவேன் என்பவருக்கு ஒரு குறிப்பு. 'நான் கூப்பிட்டால் போகிறது, எனக்கு வருவதில்லை' என்ற புகார் வரும். ரவுட்டர் யூடிபி வழித்தடத்தைச் சில வேளை அரை நிமிடத்திலேயே மூடிவிடுகிறது. சர்வரிலிருந்து 30 வினாடிக்குள் ஒரு முறை தட்டிக்கொண்டே இருக்கும்படி கமைலியோவின் நேட்ஹெல்ப்பர் மாடியூலில் அமைக்கலாம்.

பூட்டு

எஸ்ஐபியின் வழக்கமான 5060 போர்ட்டைத் திறந்து வைத்தால் முதல் விருந்தாளி அன்றைக்கே வந்துவிடுவார். பதிவேட்டில் 'ஃப்ரெண்ட்லி ஸ்கேனர்' என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார். சிப்விஷியஸ் என்ற பாதுகாப்புச் சோதனைக் கருவி இயல்பாகப் போட்டுக்கொள்ளும் பெயர் அது. திருடர்கள் பெயரை மாற்றக்கூடச் சிரமப்படுவதில்லை. 100, 101, 1001 என்று எண்களைத் தட்டிப் பார்த்து, எண்ணையே கடவுச்சொல்லாகவும் போட்டுப் பார்ப்பார்கள். உங்கள் பேச்சை ஒட்டுக் கேட்பது அவர்கள் நோக்கமல்ல. உங்கள் டிரங்க் வழியாக, நிமிடக் கட்டணம் அதிகமான வெளிநாட்டு எண்களுக்கு ஒரே இரவில் ஆயிரக்கணக்கான நிமிடங்கள் பேசி, அந்தக் கட்டணத்தில் பங்கு வாங்குவதுதான் தொழில். சனிக்கிழமை இரவை அவர்களுக்குப் பிடிக்கும். திங்கட்கிழமை வரை யாரும் பார்க்க மாட்டார்கள்.

எனவே என் தீர்ப்பு: சிறிய நிறுவனம் 5060ஐப் பொதுவில் திறக்கவே வேண்டாம். 5061இல் டிஎல்எஸ் மட்டும், ஆர்டிபிக்கு ஒரு சிறிய யூடிபி வரிசை, அவ்வளவுதான். டிரங்க் தருபவருக்கு 5060 தேவை என்றால் அவருடைய முகவரிகளுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். எஸ்எஸ்ஹெச் உங்கள் முகவரியிலிருந்து மட்டும். இதையெல்லாம் கிளவுட் ஃபயர்வாலிலும் சர்வருக்குள்ளும் இரண்டு இடத்தில் எழுதுங்கள்.

எக்ஸ்டென்ஷன் எண்ணும் பயனர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டாம். 205 என்பது கூப்பிடுவதற்கான எண். உள்ளே நுழையும் பெயர் யாரும் ஊகிக்க முடியாத எழுத்துத் தொடராக இருக்கட்டும். கடவுச்சொல் 16 எழுத்துக்குக் குறையாமல், கணினி உருவாக்கியதாக இருக்கட்டும். யாரும் அதை நினைவில் வைத்துக்கொள்ளப் போவதில்லை, தொலைபேசியில் ஒரு முறை ஏற்றினால் சரி.

மாதிரிக் கோப்பில் 'வெளியாளிடமிருந்து வெளியாளுக்குப் போகும் கடிதத்தை எடுத்துச் செல்லாதே, 403 சொல்லித் திருப்பு' என்று ஒரு பகுதி இருக்கிறது. டிரங்க் வேலை செய்யவில்லை என்ற எரிச்சலில் சிலர் அதை அணைத்துப் பார்ப்பார்கள். உடனே வேலை செய்யும்! ஊர் முழுக்க அவர்கள் செலவில் பேசும். அந்தப் பகுதியில் கை வைக்காதீர்கள். அதே கோப்பு தெரிந்த ஸ்கேனர் பெயர்களைக் கண்டால் பதிலே சொல்லாமல் விட்டுவிடும். மறுத்துப் பதில் சொல்வதைவிட இது மேல். பதில் வந்தால் இங்கே வீடு இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஆன்டிஃப்ளட் பற்றி எங்கள் புறநகருக்கென்றே ஓர் எச்சரிக்கை. பைக் என்ற மாடியூல் ஒரே முகவரியிலிருந்து இரண்டு வினாடிக்குள் சுமார் பதினாறு கடிதங்களுக்கு மேல் வந்தால் அந்த முகவரியை 5 நிமிடம் தடைசெய்யும். மாதிரிக் கோப்பின் கணக்கு இதுதான். இப்போது முடிச்சூர் சாலையில் மின்தடை முடிந்து மின்சாரம் திரும்புகிறது. பன்னிரண்டு மேசைத் தொலைபேசிகளும் ஒன்றாக எழுந்து, ஒரே பொது முகவரியிலிருந்து, ஒன்றாகப் பதிவு கேட்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு கடிதம். உங்கள் சர்வர் உங்கள் அலுவலகத்தையே திருடன் என்று பூட்டிவிடும். 5 நிமிடம் கழித்துத் திறந்ததும் மறுபடி அதே. சிஜிநேட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் மோசம்: கூடுவாஞ்சேரியில் ஒரே ஆபரேட்டரிடம் இணைப்பு வாங்கிய மூன்று ஊழியர்களும் சர்வருக்கு ஒரே ஆளாகத் தெரியலாம். அலுவலகத்துக்கு நிலையான ஐபி வாங்கி அதை விலக்குப் பட்டியலில் சேருங்கள். தொலைபேசிகளை ஸ்விட்சில் வெவ்வேறு நேரத்தில் எழும்படி அமையுங்கள். தடை வரம்பை உயர்த்துங்கள். கடவுச்சொல் தவறிய முயற்சிகளை எண்ணித் தடுப்பது, வெறும் கடிதங்களை எண்ணித் தடுப்பதைவிட நியாயமானது.

கடைசிப் பூட்டு உங்கள் கையில் இல்லை, டிரங்க் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஐஎஸ்டியை அவர்கள் பக்கத்திலேயே மூடச் சொல்லுங்கள். முன்பணத் திட்டம் இருந்தால் அதை எடுங்கள். எல்லாப் பூட்டும் உடைந்தாலும் நஷ்டம் கட்டிய பணத்தோடு நிற்கும்.

பதிவேடு

மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் பிறப்பித்த உத்தரவு நிறுவனங்களுக்கும் பொருந்தும். பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், ஊடுருவல் நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கடிகாரத்தைத் தேசியத் தகவல் மையத்தின் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு ஒத்துப்போகச் செய்ய வேண்டும். அழைப்புக் கணக்குப் பதிவைத் தரவுத்தளத்தில் ஏற்றி, தினமும் ஒரு பிரதியை வேறோர் இடத்தில் வையுங்கள். சர்வரை உடைத்தவன் முதலில் அழிப்பது பதிவேட்டைத்தான்.

ஓட்டிப் பார்த்தல்

அலுவலக வைஃபையில் இரண்டு மொபைல்களை வைத்துக்கொண்டு பேசிப் பார்த்து 'ரெடி' என்று சொல்லாதீர்கள். அது ஒன்றையும் நிரூபிக்காது. ஒருவர் மொபைல் டேட்டாவில், மற்றவர் அலுவலக ஃபைபரில். பிறகு இருவரும் இரண்டு வேறு நிறுவனங்களின் மொபைல் டேட்டாவில். பிறகு ஒருவர் வீட்டு வைஃபையிலிருந்து தெருவுக்கு நடந்துபோய் டேட்டாவுக்கு மாறும்போது. தாம்பரம்–கடற்கரை மின்சார ரயில் ஒரு நல்ல பரிசோதனைக் கூடம். கிண்டிக்குள் கோபுரங்கள் பல முறை மாறிவிடும். ஒவ்வொரு அழைப்பையும் ஒரு நிமிடத்துக்கு மேல் பேசுங்கள், 32 வினாடிக் கோளாறு தன்னைக் காட்டிக்கொள்ள நேரம் வேண்டும். சர்வரில் எஸ்என்கிரெப் கருவியைத் திறந்து வைத்தால் கடிதங்கள் போவதும் வருவதும் அம்புக்குறிகளாகத் தெரியும். அதைவிட நல்ல ஆசிரியர் இந்தத் துறையில் கிடையாது.

லின்ஃபோன், ஸோய்ப்பர் போன்ற செயலிகளை ஆண்ட்ராய்டு பேட்டரி சேமிப்பு என்று சொல்லித் தூங்க வைத்துவிடும். ஊழியர் ஒவ்வொருவர் மொபைலிலும் அந்தச் சேமிப்பிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டு வாருங்கள். இதைச் செய்யாமல் வரும் 'மணியே அடிக்கவில்லை' புகார்களுக்கு சர்வர் பொறுப்பல்ல, ஆனால் திட்டு சர்வர்காரருக்குத்தான்.

கடைசியாக ஒன்று: நம் ப்ராக்ஸிக்கு 112, 108 என்ற அவசர எண்களைத் தெரியாது. உரிமம் பெற்ற டிரங்க் இருந்தாலும், சேலையூரிலிருந்து அழைத்தவரை முடிச்சூர் சாலை அலுவலக முகவரியில் ஆம்புலன்ஸ் தேடக்கூடும். ஒவ்வொரு மேசைத் தொலைபேசியின் மேலும் 'அவசரத்துக்கு மொபைலில் கூப்பிடவும்' என்று ஒரு சீட்டு ஒட்டிவிட்டு, அதன் பிறகு சேவையைத் தொடங்குங்கள்.